பூட்டிய ஜெப அறை

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனையின் இரண்டாம் மாடி ஜெப அறையை இனி எல்லா மதத்தாருக்கும் திறந்துவிடப் போகிறார்களாம். சிலுவை அங்கேயே இருக்கும். வேண்டாதவர்கள் திரையை இழுத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் மேலாளர், "இவங்க வந்து மூணே மாசம், எவ்வளவு பெரிய யோசனை பாருங்க!" என்று வானொலியைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

வானொலி என்பது இறையியல் கல்லூரியில் கூடப் படித்தவளுக்கு நான் வைத்த பெயர். வாய் மூடாது. இப்போது அவளும் இந்த நகராட்சி மருத்துவமனையில் என்னைப் போலவே போதகர். நான் வந்து பதினான்கு வருடம்.

இதே யோசனையை ஆறு வருடம் முன்பு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்மா" என்றார்கள். பார்த்துவிட்டார்கள்!

மார்ச் 5

செய்தித்தாளில் அவள் படம். பக்கத்தில் என் முழங்கை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் ஓரமாகக் கூப்பிட்டார். "சிலுவைய எடுத்துடப் போறாங்களாமே, போதகரம்மா?"

இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே வார்த்தைதான் வேண்டியிருந்தது. நான் சொன்னது: "என்னக் கேட்டுட்டா எல்லாம் செய்றாங்க, ஐயா?"

பொய் இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும்வரை பொய் சொன்னவளைப் போலவே நடந்தேன்.

மார்ச் 12

அறையைத் திறக்கக் கூடாது என்று சபையில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மனு நகராட்சிக்குப் போய்விட்டது. பதினெட்டாம் தேதி பொதுக் கூட்டம். அதுவரை அறை பூட்டு. சபை சார்பில் பேசப்போவது நான்! "நம்ம விசுவாசத்த விட்டுக்குடுக்காதவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றார் செயலர். எனக்குப் பிடிக்காத பாராட்டு, ஆனாலும் இனித்தது. யார் கையால் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேனா?

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "நீ எழுதுனதுதானே இது? நான்தானே தட்டச்சு செஞ்சு குடுத்தேன்?"

"அது வேற."

"என்ன வேற?"

 அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

மார்ச் 15, சனி

எழுதத்தான் வேண்டும்.

மதியம் மூன்றாம் வார்டில் ஒரு பெண் இறந்துபோனார். அவர் கணவர் தச்சர். சட்டையில் இன்னும் மரத்தூள். என்னிடம் வந்து, "அம்மா, நான் தொழணும். அஞ்சு நிமிஷம், யாரும் குறுக்க வராத இடம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

சாவி என் பையில் இருந்தது. உத்தரவு இருந்தால் என்ன? இதற்குமுன் எத்தனை உத்தரவுகளை மதித்திருக்கிறேன்? திறந்துவிட்டால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும் — அந்த நேரத்தில் அதுதான் எனக்குத் தோன்றியது. ஒரு மனுஷன் பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு நிக்கிறான், எனக்கு அது தோணுது! என்ன ஜென்மம் நான்?

"இல்லைங்க" என்றேன்.

மாடிப்படி வளைவில் செய்தித்தாளை விரித்துத் தொழுதார். உணவு வண்டி தள்ளுபவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முடித்துவிட்டுத் தாளை மடித்தார். என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றார்.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 16

இன்று எனக்கு ஜெபமே வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நகராட்சி மன்றம் நிரம்பியிருந்தது. செயலர் எனக்காக முன்வரிசையில் துண்டு போட்டு வைத்திருந்தார். எழுதி வைத்த தாளை எடுக்கவில்லை. சிலுவையை யாரும் எடுக்கவில்லை, அது எனக்கு முதலிலேயே தெரியும், தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்றேன். படிக்கட்டில் தொழுத மனிதரைப் பற்றிச் சொன்னேன். சாவி யாரிடம் இருந்தது என்பதையும். "அவரை வெளியே நிறுத்திவிட்டு நான் எந்த இயேசுவுக்காக அறையைக் காத்தேன்?" என்று கேட்டேன். செயலர் தரையைப் பார்த்தார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இந்த யோசனையை முதலில் எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றும் சொல்லித் தொலைத்தேன். பாவமன்னிப்பு கேட்கும்போதுகூட முன்வரிசை வேண்டும் எனக்கு.

வெளியே வானொலி வந்தாள். 

"உன் கடிதம் கோப்புல இருந்துச்சுடி. அதப் பாத்துதான் எழுதுனேன். உன் பேரச் சொல்லியிருக்கணும். கைதட்டுனாங்களா... எனக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எத்தனை நாள் இதைக் கேட்கத் தவித்தேன்! கேட்டபோது ஒன்றும் இனிக்கவில்லை. அவள் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தச்சரிடம் இல்லை என்று சொன்னது அவள் இல்லையே.

ஏப்ரல் 2

நகராட்சி வாக்கெடுப்பில் அறைத் திட்டம் தேறிவிட்டது. சபையில் ஆறு மாதம் நான் பிரசங்கம் செய்ய வேண்டாமாம். கடிதம் மரியாதையாக இருந்தது.

ஏப்ரல் 26, சனி

அறை திறந்து இரண்டு வாரம். வாசலில் செருப்புகள் குவிகின்றன. ஒழுங்காக அடுக்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றுகிறது.

வெளியூர் மாநாட்டில் பேச வானொலியைத்தான் அழைத்திருக்கிறார்கள். என்னை இல்லை. எரிந்தது, இல்லை என்று யாரிடம் சொல்வது? உரையை நீட்டி, "பாத்துக் குடுடி, உன் பேரும் போட்டிருக்கேன்" என்றாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வேத வசனத்துக்கு எண் தவறு. மாநாட்டில் அப்படியே படித்தால் சிரித்துவிடுவார்கள். பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வந்து உட்கார்ந்து எண்ணைத் திருத்தினேன். ஓரத்தில் ஓர் எழுத்துப்பிழையும் இருந்தது, அதையும் திருத்தினேன்.