கையில் போட்டு எடுத்த படம்

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நாம் வாங்கிய கேமரா நன்றாக உழைக்கிறது. செங்கல்பட்டு கடைக்காரர், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய கேமராவைத்தான் நம் தலையில் கட்டப் பார்த்தார். "நாங்க இன்னா வேடந்தாங்கலுக்குக் கொக்கு படம் எடுக்கவா போறோம்? வளையலைக் கிட்ட வெச்சா நூல் நூலாத் தெரியணும். அது எதுல கீது?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான் இந்தச் சின்னக் கேமரா வெளியே வந்தது. இப்போது நான் வளையலில் சுற்றும் பட்டு நூல் இழை இழையாகப் படத்தில் தெரிகிறது. ஆன்லைனில் பார்ப்பவர்கள் யோசிக்காமல் ஆர்டர் போடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. "கையில போட்டு எடுத்தா அளவு தெரியும்" என்று கடைக்காரர் சொன்னதும் நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். உங்கள் பிள்ளை போன பிறகு அந்தக் கையில் எதுவும் ஏறியதில்லை. நீங்கள்தான் "கைய நீட்டு" என்று சொல்லி, கடையில் எல்லோரும் பார்க்க, படம் எடுத்துப் பார்க்க நாம் கொண்டுபோன பச்சை வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டீர்கள்.

அவற்றை நான் இன்னும் கழற்றவில்லை. அன்று கடையில் எடுத்த படத்தைப் பார்த்து விலை கேட்கிறவர்களிடம், இது விற்பனைக்கு இல்லை என்கிறேன்.

படத்தின் ஓரத்தில் உங்கள் கையும் விழுந்திருக்கிறது. மாமா போனதிலிருந்து வெறுமையாக இருக்கும் கை. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உங்கள் வளையல் அளவு என்ன அத்தை?

மானாம்பதி வீட்டிலிருந்து,
உங்கள் மருமகள்