தோளில் ஒரு கை

ஆவணி மாதம், ஞாயிறு இரவு.

காலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். புருஷன் குவைத்தில் இருக்கிறான். பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. மூன்று பேரையும் ஒரே படத்தில் சேர்த்துத் தரச் சொன்னாள்.

“அண்ணே, அவுக எந்தோள்ல கை போட்ட மாதிரி இருக்கணும்.”

அவன் அனுப்பிய போட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளையும் பிள்ளையையும் படம் எடுத்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியின் முதுகில் என் கையை வைத்து டைமரில் எடுத்தேன். கம்ப்யூட்டரில் அந்தக் கையை அவனுக்குப் பொருத்தினேன். நன்றாகவே பொருந்தியது.

சாயங்காலம் வந்தவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“மொகம் அவுகதான். கை அவுக கை இல்லண்ணே.”

மாற்றித் தருகிறேன் என்றேன்.

“வேணாம். பாத்தா பக்கத்துல ஆளு இருக்க மாதிரி இருக்கு. இருக்கட்டும்.”

யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மணமேல்குடி பஸ்ஸுக்குப் போனாள்.

நான் யாரையும் தொட்டு எத்தனை காலமாயிற்றோ தெரியவில்லை. இப்போது அந்தக் கையை என் தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அது என் கை என்றுதான் தெரிகிறது.