சிறுபாலத்தின் இடப்பக்கத் தடம்

ஹாக்கன் ஊர், வடக்கு டகோட்டா
12 ஏப்ரல் 1981, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள மகள் மாரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், பனியெல்லாம் வடிந்துவிட்டது, அம்மாவின் முழங்கால் வலி மட்டும் இன்னும் வடியவில்லை. அலாஸ்காக் குளிரும் கடற்காற்றும் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன். பசுக்கள் கன்று போட ஆரம்பித்துவிட்டன, ஒன்று விறைத்துப்போய்ப் பிறந்தது, உன் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்தி அடுப்பருகே வைத்துப் பிழைக்கவைத்தோம், கோபித்துக்கொள்ளாதே. மற்ற சேதிகளுக்கு முன்னால் ஒன்று. புதன்கிழமை போட்ட கடிதத்தில், தாத்தா உன் பெயருக்கு எழுதிவைத்த நிலத்தடி எண்ணெய் உரிமையை விற்றுவிடு, அதை வாங்க அலையும் பத்திரக்காரர் அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, புதுக் கிணற்றில் வெறும் உப்புத்தண்ணீர்தான் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. விற்காதே என்று சொல்லவில்லை, என் பேச்சைக் கேட்டு விற்காதே என்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே உன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ தடுப்பூசி போடத் தீவுகளுக்குப் போயிருப்பதாகவும் இருபதாம் தேதிதான் திரும்புவாய் என்றும் ஒரு பெண் சொன்னாள். குரலைக் கேட்டு, யாராவது இறந்துட்டாங்களா சார் என்று கேட்டாள். இல்லம்மா, லாரித் தடத்தைத் தப்பாப் படிச்சிட்டேன் என்றேன். அப்பா கடிதம் வரும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம் என்று மட்டும் எழுதிக்கொண்டாள், புத்திசாலிப் பெண்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நமக்கு வடக்கே இரண்டு மைலில் சோலித் குடும்பத்து நிலத்தில் ஜனவரியிலிருந்து எண்ணெய் தேடித் துளைக்கிறார்கள் அல்லவா, வாசலில் காவல் போட்டுவிட்டார்கள், என்ன கிடைத்தது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் வாய் திறக்காததால் நாங்களெல்லாம் திறந்துவிட்டோம். வெர்னாவின் காபிக் கடையில் ஒருவன் துளைக்கும் கோபுரத்தில் சாய்த்த குழாய்களைத் தொலைநோக்கியில் எண்ணி ஆழம் சொல்கிறான், இன்னொருவன் கிணற்று மேஸ்திரி இரண்டு நாள் தொடர்ந்து மாட்டிறைச்சி கேட்டான், எண்ணெய்தான் என்கிறான், மூன்றாம் நாள் மேஸ்திரி சூப் குடித்ததும் எல்லாருக்கும் முகம் தொங்கிப்போகிறது. நான் மட்டும் சும்மா இருப்பேனா. செவ்வாய்க்கிழமை சிறுபாலத்தருகே இறங்கிப் பார்த்தேன், சாலை முழுக்க இறுகிக் கிடக்கிறது, மண் இளகியிருப்பது அந்த இடத்தில் மட்டும்தான். கிணற்றுப் பக்கமிருந்து வெளியே வரும் ஓரத்தில் தண்ணீர் லாரித் தடம் முழங்கால் ஆழம், உள்ளே போகும் ஓரத்தில் கோழி நடந்த சுவடுகூட இல்லை. காலியாகப் போய் நிறைந்து வருகிறது, அப்படியென்றால் அடியிலிருந்து வருவது உப்புத்தண்ணீர், தோண்டியது வீண். முப்பத்தேழு வருஷம் கோதுமை லாரி ஓட்டியவனுக்குப் பாரம் போன தடம் தெரியாதா என்று கடையில் மார்தட்டினேன். வெர்னா, நாளைக்கு மழையான்னு கேட்டாலே தப்பாச் சொல்ற மனுஷன், பத்தாயிரம் அடிக்குக் கீழ போய்ப் பார்த்துட்டு வந்துட்டாரு, காபி இன்னும் கொஞ்சம் ஊத்தவா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்விட் மோயன் சிரிக்கவில்லை. வெளியே வந்து என் சட்டைக்கையைப் பிடித்து, பெடர், நெஜமாத்தான் சொல்றியா, அந்தப் பத்திரக்கார ஆளு வியாழக்கிழமை தாளோட வர்றான் என்று கேட்டான். அங்கேயாவது, எனக்குத் தெரியாதப்பா என்று சொல்லியிருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த ஒரு வாக்கியத்தைப் பள்ளியில் கற்றுத்தரவில்லை போலிருக்கிறது. கண்ணால பார்த்தேன்டா என்றேன். மறுநாள் அதே கண்ணை நம்பி உனக்கும் எழுதினேன்.

வியாழக்கிழமை ஆர்விட் தன் நிலத்தடி உரிமையை விற்கக் கையெழுத்துப் போட்டான். மனைவி ஹேசலும் போட்டால்தான் பத்திரம் செல்லும், அவள் மைனாட் நகரில் தங்கை வீட்டில் இருந்தாள், சனிக்கிழமை மதியம் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நான் விதைக் கோதுமை ஏற்றிக்கொண்டு வடக்கு வயலுக்குப் போனேன். சிறுபாலம் வந்தது, உள்ளே போகும் வலது ஓரம் இடிந்து கிடக்கிறதே என்று வழக்கம்போல, வெளியே வருகிறவர்களின் இடப்பக்கத்துக்கு ஒடித்தேன். வண்டி அந்தத் தடத்துக்குள் இறங்கி, என் கால் என் செருப்புக்குள் போவதுபோல அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது. உள்ளே போகிறவனும் அங்கே இடப்பக்கம்தான் போகவேண்டும். நிறைந்து போனவையா வந்தவையா என்று அந்தத் தடத்தால் சொல்லவே முடியாது. அந்தப் பாலம் இடிந்ததைப் பற்றி மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று மனு எழுதினவன் வேறு யாருமில்லை, நான்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை அடுத்தவனையும் சேர்த்துக் கெடுத்தது.

இனி எழுதப்போவதை உன் அம்மாவிடம்கூட இன்று மதியம்தான் சொன்னேன். வெள்ளி சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூவாயிரம் மைல் தள்ளியிருக்கும் உன்னைக் கூப்பிட்டேன். மூன்று மைலில் இருக்கும் ஆர்விட்டைக் கூப்பிடவில்லை. கடையில் எப்படிச் சிரிப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. சனிக்கிழமை காலையில் விதைக்கும் எந்திரத்தைக் கழுவினேன், ஏற்கெனவே கழுவினதுதான். மதியம் சொல்லிக்கொள்ளலாம், ஹேசல் வந்து சாப்பிட்டு இளைப்பாறட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பத்திரக்காரர் இளைப்பாறவில்லை, அவள் வந்து இறங்கியதுமே கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்று கோவில் முடிந்து ஆர்விட் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் உட்காரவைத்தார்கள், சொன்னேன். ஆர்விட்டின் நிலத்தை முப்பதுகளில் வங்கி எடுத்துக்கொண்டபோதும் அவன் அப்பா அடியிலுள்ள உரிமையை மட்டும் எழுதிக்கொடுக்கவில்லை, அது உனக்கும் தெரியும். அப்போ எண்ணெய் இருக்குங்கிறியா என்று ஆர்விட் கேட்டான். தெரியாது என்றேன். இல்லைங்கிறியா. அதுவும் தெரியாது. பின்ன எதைச் சொல்ல வந்த என்றான். செவ்வாய்க்கிழமையும் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வந்தேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, நானும் பதினோரு வருஷமா அந்தப் பாலத்துல இடப்பக்கந்தான்டா போறேன், எனக்கும் தோணல பாரு என்றான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹேசல், நேத்து காலையில வந்திருந்தா நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன் பெடர் என்று மட்டும் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை. காபி ஊற்றினாள். கூட ஒன்றும் வைக்கவில்லை. மின்கம்பம் நட வந்தவனுக்கும் கேக் வெட்டி வைக்கிற வீடு அது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆகவே மகளே, உன் பங்கு உன் விருப்பம். பத்திரக்காரர் உனக்கும் கூப்பிடுவார், இனிக்க இனிக்கப் பேசுவார், அப்பாவே சம்மதித்துவிட்டார் என்பார். சம்மதித்தவன் ஒரு முட்டாள், அவன் இப்போது மாறிவிட்டான் என்று சொல்லு. அவசரமென்று சொன்னால் அந்த அவசரம் யாருடையது என்று கேள். வக்கீல் ஒருவரிடம் தாளைக் காட்டு. கிணற்றில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் வராது. ஆர்விட் விஷயத்தில் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. நாளைக்குக் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் தடத்துக் கதையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன், வேறு யாராவது என் பேச்சைக் கேட்டுத் தாளை எடுத்து வைத்திருக்கலாம். சிரித்தால் சிரிக்கட்டும்.

மீனை மட்டுமே தின்றுகொண்டிராதே, படகில் ஏறும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், ஈஸ்டர் கழிந்திருந்தாலும் அம்மாவுக்கு இரண்டு வரி எழுது. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ எடுக்கும் முடிவு உனக்கு நிம்மதி தரட்டும். இந்தக் கடிதத்தை நாளைக் காலை கடைசி நேரம்வரை வைத்திருக்கமாட்டேன், எழுதி முடித்த கையோடு தபால்காரர் வீட்டிலேயே கொடுக்கப் போகிறேன். அவர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். போக இடப்பக்கம்தான், வேறு வழியில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
பெடர் லியன்