ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கேள்வி

ஜூன் 4, 2008. புதன்

காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். கல்பாக்கத்தில் இன்று காற்றே இல்லை. வீட்டு வேலைக்கு வரும் செல்லம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னா சார், தம்பி இட்லிய கைல வச்சிக்கினே தூங்குது?" உள்ளே போய்ப் பார்த்தால் உண்மைதான். ஜெயந்த் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பிளஸ் டூ முடித்த பையன், பதினேழு வயது. அவன் அம்மா கல்யாணியும் நானும் சிரித்துவிட்டோம்.

ஜூன் 9

சிரித்திருக்கக் கூடாது. செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினோம். எடை நூற்று நாற்பத்தாறு கிலோ. சர்க்கரை வந்துவிட்டது, ரத்த அழுத்தமும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம், பகலில் தூங்கி விழுவது அதனால்தானாம். என் அப்பாவுக்கே அறுபதில்தான் சர்க்கரை வந்தது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் இருக்கிறது, சென்னையில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

ஜூன் 16

சென்னை. சர்ஜன் பாலசுப்ரமணியன் படம் வரைந்து விளக்கினார். இந்த வயதில் ரொம்ப யோசித்துத்தான் செய்வாராம். முதலில் மனநல நிபுணர் ஒருவர் ஜெயந்திடம் பேசி, சரி என்று சொல்ல வேண்டுமாம்.

"வயித்துல பண்ற ஆபரேஷனுக்கு மனசு டாக்டர் எதுக்கு சார்?" என்றேன்.

"ஆபரேஷன் நான் பண்ணிடுவேன். மறுநாளிலேர்ந்து அந்த வயித்தோட வாழப்போறது அவன்."

ஜெயந்திடம் சம்மதமா என்று கேட்டார். "சரி சார்" என்றான். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கல்யாணிக்கு ஒரே சந்தோஷம். கடையில் ரெடிமேட் சட்டை வாங்கலாம், பொத்தேரியில் காலேஜ் திறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பேசிக்கொண்டே வந்தாள். நானும்தான் கணக்குப் போட்டேன்.

ஜூன் 20

ஆபரேஷனுக்காகக் கேட்ட லீவு சாங்ஷன் ஆகிவிட்டது.

ஜூன் 24

எப்படி எழுதுவது.

செங்கல்பட்டில் மீரா மேடத்தின் கிளினிக். மனநல நிபுணர். ஜெயந்தைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே கல்யாணிக்கும் எனக்கும் ராத்திரிக்கு சேமியாவா சப்பாத்தியா என்று வாக்குவாதம். சேமியா! அந்த நேரத்தில் உள்ளே அவன் —

பிறகு எங்களையும் கூப்பிட்டார். ஜெயந்தும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"இந்த ஆபரேஷன் உனக்கு எதுக்குன்னு கேட்டேன். அவன் சொன்ன பதில் உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்னு அவன்கிட்ட சொன்னேன். 'என்னால சொல்ல முடியாது, நீங்களே சொல்லிடுங்க'ன்னான். மயக்க மருந்து கொடுத்தப்புறம் எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லதுன்னு நெனச்சுத்தான் சம்மதிச்சிருக்கான்."

எனக்குப் புரியவில்லை. தமிழில்தான் சொன்னார். எல்லாமே தெரிந்த வார்த்தைகள்தான். கல்யாணி மட்டும், "என்ன மேடம் சொல்றீங்க? என்ன சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜெயந்த் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "உங்கள யாரும் குறை சொல்ல மாட்டாங்கம்மா. ஆபரேஷன்ல போயிட்டான்னுதான் சொல்லுவாங்க."

எங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறான் என் பிள்ளை.

ஜூன் 25

வேலைக்குப் போகவில்லை. அவன நானே இழுத்துக்கினு போய் ஆபரேஷன் மேஜைல படுக்க வச்சிருப்பேன். வெளில உக்காந்து டீ குடிச்சிருப்பேன்.

ஜூன் 26

மீரா மேடம் சொன்னவை. ஒரு மனநல மருத்துவரின் மாத்திரை. வாரா வாரம் மேடத்திடம் பேச்சு. கொஞ்ச நாளைக்கு அவனைத் தனியாக விடக்கூடாது. ஆபரேஷன் இப்போது கிடையாது. வேண்டவே வேண்டாம் என்றும் இல்லை. "இப்ப அவன் ரெடியா இல்ல. முதல்ல உயிரோட இருக்கணும்னு அவனுக்குத் தோணட்டும்." வீட்டில் எடை, சாப்பாடு பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையும், ராத்திரி தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷினும் நடக்கட்டும்.

ஜூன் 29. ஞாயிறு

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். எடையைப் பற்றிப் பேசக் கூடாது. சரி, வேறு என்ன பேசுவது? எனக்கு ஒன்றும் வரவில்லை. கல்யாணிக்கும் வரவில்லை. 'போதும்டா', 'இன்னொண்ணு வேணாம்', 'நடந்துட்டு வா' — இவற்றை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை! எத்தனை வருஷமாக இப்படி? கடைசியில் கல்யாணிதான், எதிர் குவார்ட்டர்ஸ் பூனை நம் ஸ்கூட்டர் சீட்டில் குட்டி போட்டிருக்கிறது என்றாள். "எத்தனை?" என்று ஜெயந்த் கேட்டான். அந்த ஒரு சொல்லுக்கு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 8

கல்யாணியின் தம்பி தர்மராஜ் மதுராந்தகத்திலிருந்து போன். "இன்னா மச்சான், ஆபரேஷன தள்ளிட்டீங்களாமே? பயந்துட்டானா? நாலு வார்த்த புத்தி சொல்லி கூட்டிக்கினு போங்க." கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. போனை வைத்த பிறகு திரும்பினால் ஜெயந்த் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூலை 20. ஞாயிறு

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம், அவனும் நானும் மட்டும். கூட்டத்தை விட்டுத் தள்ளி, படகுகள் நிற்கும் பக்கம் உட்கார்ந்தோம். கேட்டுவிட்டேன்.

"எப்போலேர்ந்துடா இந்த நெனப்பு?"

"பத்தாவதுலேர்ந்து."

இரண்டு வருஷம். ஒரே வீடு. ஒரே பாத்ரூம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எது சொன்னாலும் கடைசில சாப்பாட்டுலதான்பா கொண்டுவந்து நிறுத்துவீங்க. தலை வலிக்குதுன்னா கூட."

மணலைக் கிளறிக்கொண்டே அவனே சொன்னான்: "சாகணும்னு ஆசையெல்லாம் இல்லப்பா. இப்படியே இருக்க முடியல, அவ்ளோதான்."

செப்டம்பர் 12

காலேஜ் பஸ்ஸில் போய் வருகிறான். இன்று பத்ரி என்று ஒரு நண்பனைக் கூட்டி வந்தான். அறைக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்யாணி அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

நவம்பர் 19

மறுபடியும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். காலேஜ் இல்லை, குளியல் இல்லை. நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? என்னாச்சு? மீரா மேடம், இப்படி ஏறி இறங்கித்தான் வரும், நேரே கூட்டி வாங்க என்றார். மழையில் ஆட்டோ பிடித்துப் போனோம்.

டிசம்பர் 3

பரவாயில்லை. இன்று பரீட்சைக்குப் போனான்.

மே 11, 2009

மார்ச்சில் பதினெட்டு முடிந்தது. ஆபரேஷன் பற்றி மறுபடி பேச்செடுத்தவன் அவன்தான். மீரா மேடம் பல தடவை பேசிவிட்டு, இப்போது செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இன்று மறுபடி சர்ஜனிடம் போனோம். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. ஜெயந்தே கேட்டான். எவ்வளவு சாப்பிட முடியும்? வாந்தி வருமா? திரும்ப எடை ஏறுமா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? சர்ஜன் ஒவ்வொன்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னார்.

கடைசியாக ஒன்று கேட்டான். "உடம்பு எளச்சாலும் மனசு இதேதானே சார் இருக்கும்?"

"இதேதான். அதுக்கு எங்கிட்ட கத்தி இல்ல."

"அப்ப மீரா மேடத்துகிட்ட போறத நிறுத்தக் கூடாது" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி.

பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். இவன் எப்போது இவ்வளவு பெரியவன் ஆனான்?

மே 14

இப்போது கல்யாணி வேண்டாம் என்கிறாள். சட்டை வாங்கலாம் என்று குதித்த அதே கல்யாணி. "இப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க. கண்ணெதிர்ல இருக்கான்ல, அது போதும்." ஜெயந்த் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "எனக்கு வேணும்மா. மூச்சு வாங்காம காலேஜ் மாடி ஏறணும். எழுந்து வருவேன்மா. வரணும்னுதான் போறேன்." அழுதுகொண்டே தலையாட்டினாள்.

ஜூன் 17

கண்ணைத் திறந்தான். தண்ணீர் கேட்டான்.

ஜூன் 30

வீட்டுக்கு வந்தாயிற்று. பருப்புத் தண்ணி, மோர், வடிகட்டின சூப். ஒரு டம்ளர் குடிக்க அரை மணி நேரம் ஆகிறது. செல்லம்மா, "இன்னா சார் இது, குருவி குடிக்கிற மாரி குடிக்கிது!" என்று வாயைப் பிளந்தாள். அவனே சிரித்துவிட்டான். எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவன் சொன்னான்.

ஜூலை 12. ஞாயிறு

பக்கத்து வீட்டில் மீன் வறுத்தார்கள். வாசனை எங்கள் வீடு முழுக்க. ஜெயந்த் பருப்புத் தண்ணி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகைச் சத்தம். தட்டலாமா? கூப்பிடலாமா? போன வருஷத்துப் பயம் அத்தனையும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கதவில் கையை வைத்தேன்.

அப்போது உள்ளே அவன் செல்போனில் பேசுவது கேட்டது.

"மேடம், ஜெயந்த் பேசறேன்... இல்ல மேடம், லீவு நாள்னு தெரியும். இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. கொஞ்சம் பேசலாமா?"

கையை எடுத்துக்கொண்டேன். ஹாலுக்கு வந்து, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன் கல்யாணியிடம்.