பதினேழாம் எண் வீட்டுக்காரர்

சிலிபின், ஈப்போ
3 மார்ச் 2024

அன்புள்ள சரளா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றால், "மருமக பக்கத்துல இருக்கா, அப்புறம் பேசுறேன்லா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

நகராண்மைக்காரர்கள் நம் குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள். ஜூனுக்குள் காலி செய்ய வேண்டும். நாற்பது வீட்டில் இப்போது பதினொரு குடும்பம்தான் மிச்சம். இடிப்பதை நிறுத்த நம்மால் ஆகாது. அதனால் என் தம்பி தேவனும் நானும் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி, படங்களோடு கோயில் மண்டபத்தில் மாட்டப் போகிறோம். சின்னதாக ஒரு புத்தகமும் வரும்.

பதினேழாம் எண் உங்கள் வீடு. உன் அப்பா சீனி மாமா இல்லாமல் நம் லைன் வீடுகளுக்குக் கதை ஏது? எழுபத்தாறில் ஒன்பது நாள் ஒருத்தரும் கக்கூஸ் வாளியைத் தொடாமல் நின்றார்களே, முதல் வாளியை நகராண்மை ஆபீஸ் வாசலில் கவிழ்த்து வைத்தது அவர்தானே? கையுறையும் தண்ணீர்க் குழாயும் நமக்கு வந்தன. வேலை போனது அவருக்கு மட்டும்தான். அவர் படம் எங்கள் யாரிடமும் இல்லை. உன்னிடம் இருந்தால் அனுப்பு.

உன்
குமுதா

*

லூமுட்
20 மார்ச் 2024

அன்புக் குமுதாவுக்கு,

உன் கடிதத்தை மருமகள் ஷர்மினிதான் எடுத்து வந்து கொடுத்தாள். நல்லவேளை, பிரிக்கவில்லை.

படம் இருக்கிறது. அனுப்பமாட்டேன், கோபிக்காதே. அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்து, நான் இருந்த தாய்மாமா வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "எங்கப்பா நகராண்மையில கிளார்க்கு" என்று என் வாயாலேயே சொன்னேன். என் வீட்டுக்காரர் சாகும்வரை அதை நம்பினார். பிள்ளைகளும் நம்புகிறார்கள். ஆகஸ்டில் மகள் அமுதினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் விசாரிக்கிறவர்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மழை நாளில் அப்பா குடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். டீச்சர், "உங்கப்பாவா?" என்றார். "தெரியாது டீச்சர்" என்றேன். குடையை உன் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் பெயரை விட்டுவிடு, குமுதா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சரளா

*

சிலிபின்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள சரளா,

புத்தாண்டு வாழ்த்து. உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் அப்பாவும் அதே வாளியைத்தான் தூக்கினார். அதை அப்படியே எழுதினேன். எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நீ மட்டும் கேட்கவில்லை. இன்னும் ஆறு வீட்டுப் பிள்ளைகள் இதையே சொல்கிறார்கள். "ஜெனரல் ஒர்க்கர்னு போட்ருங்கக்கா" என்கிறார் ஒருவர். அந்தப் பக்கம் முத்தம்மா அக்கா. அந்த ஒன்பது நாளும் லைன் முழுக்கக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர். "சீனி அண்ணே பேரு இல்லாத பொஸ்தகத்துல எம்பேரும் வேணாம். நான் சொன்னதெல்லாம் அழிச்சிரு" என்றுவிட்டார். நான் யார் பக்கம் போவேன்?

படம் வேண்டாம். பெயர் மட்டும், ஒரே ஒரு வரி. யோசித்துச் சொல்.

குமுதா

*

லூமுட்
26 ஏப்ரல் 2024

குமுதா,

யோசித்துவிட்டேன். வேண்டாம். என் மகள் கல்யாணம் நின்றுபோனால் உன்னால் என்ன செய்ய முடியும்?

சரளா

*

சிலிபின்
9 ஜூலை 2024

சரளாவுக்கு,

நீ கேட்டபடியே செய்தேன். பதினேழாம் எண்ணுக்குக் கீழே "விவரம் கிடைக்கவில்லை" என்று போட்டோம். வேலையை நிறுத்தியவர்கள் "தொழிலாளர்கள் சிலர்" ஆனார்கள். முத்தம்மா அக்கா சொன்னதையும் அழித்தேன். அவர் சுங்காயில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தேவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மண்டபத்துக்கு வந்த பழைய ஆட்கள் எல்லாரும், "சீனி எங்கம்மா?" என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்களை அடுத்த படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். உன் நெற்றி, உன் நடை. சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் அமுதினி, ஆன்ட்டி. ஃபேஸ்புக்ல பாத்துட்டு வந்தேன், அம்மாவுக்குத் தெரியாது. எங்க தாத்தா சிலிபின்லதான் இருந்தாராம். நகராண்மையில கிளார்க்கு. எந்த வீடு?"

"கிளார்க்குங்க இந்த லைன்ல இருக்கமாட்டாங்கம்மா" என்றேன்.

அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கல்யாணத்துல வச்சுக் கும்பிட அவரு படம் ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி. கேட்டா அம்மா அழுவாங்க. கிளார்க்கா இல்லாட்டியும் பரவால்ல. யாருன்னு தெரிஞ்சா போதும்."

சரளா, அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நீ கெஞ்சிக் கேட்டது தடுத்தது. "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன். அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள்.

போன வாரம் லைன் முழுவதையும் இடித்துவிட்டார்கள். கோயில் பக்கத்து வாடகை வீட்டில் இருந்தும் நான் பார்க்கப் போகவில்லை.

உன்மேல் கோபமில்லை. கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் எனக்குப் பத்திரிகை அனுப்பாதே. அந்தப் பெண்ணின் முகத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

குமுதா