முரசு முந்தி, அரிசி பிந்தி

நலம் பெருகுக. ஏழு மலைக்கும் ஒரு குடைக்கும் உரியவர், பகைவர் கனவிலும் பல்லக்கில் எழுந்தருளும் வேள்நாட்டுப் பேரரசர் விறற்கோமான் திருமுன்னர், எல்லைப்புறச் செங்கரைக் கோட்டைக் காவலன் இளவெயினன் வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரத்து அடுக்களைகளில் புகை குறையாதிருக்க. இங்கே புகை இல்லை.

முற்றுகைக்குள்ளிருந்து விடுத்த சென்ற ஓலையில் ‘படைவழங்கல் தவறியது’ என்று இளவெயினன் எழுதியிருந்தான். அச்சொல்லின் பொருளும் பயனும் யாவை என்று அவை வினவியுள்ளது. விளக்கம் வந்த பின்னரே ஆவன செய்யப்படுமாம். ஆணைப்படியே விளக்கம்: சோறும் அம்பும் வைக்கோலும், உரியவன் சாகுமுன் அவனிடம் போய்ச் சேர்வது படைவழங்கல். பயன், அவன் சாகாமை.

எடுத்துக்காட்டும் உண்டு. கோட்டையின் பின்புறத்து ஆற்றில் இருப்பது ஒரே ஓடம். தகுதி வரிசைப்படியே ஏறவேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. ஆகவே வெண்குடை முதலில் வந்தது, பின்னர் கவரி, பின்னர் வெற்றியைப் பாடப் பாடகர் கூட்டம்; அது வந்ததும் இங்கே இருந்த கஞ்சியைக் குடித்து முடித்தது; பின்னர் வீரமுரசும் அதற்குப் பூச்சூட்டுவோரும். அரிசிக்குப் பட்டம் ஏதும் இல்லை. அதன் முறை வந்தபோது வெள்ளமும் வந்தது. வெள்ளம் வடிந்ததும் முதலில் ஏறி வந்தது, பொருள் கேட்ட தங்கள் ஓலை.

அக்கரையில் மூட்டைகள் மதிலிலிருந்தே தெரிகின்றன. வீரர் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். குடை வேகாது, கவரி தொண்டையில் சிக்கும், பாடகரை மன்னர் தலையெண்ணித்தான் அனுப்பியிருப்பார், முரசு வெறும் எருமைத்தோல்தானே தலைவரே என்று வில்லாளி தாழையன் விண்ணப்பித்தான். இளவெயினன் இசைந்தான். தோல் வேக நெடும்பொழுது ஆயிற்று. தாழையன் உயிர் அவ்வளவு பொழுது காத்திருக்கவில்லை.

வீரமுரசைத் தீண்டியவன் தலை போகும் என்பது சட்டம். இங்கே அது தீண்டப்பட்டு, அவிக்கப்பட்டு, உப்பின்றி உண்ணப்பட்டது. ஆணையிட்டவன் இளவெயினன் ஒருவனே. தலை தரச் சித்தமாயுள்ளான். ஆயினும் கொலைஞர் அரசவாள் ஏந்தி வருவார். வரிசைப்படி அரிசிக்கு முன்னே ஓடம் ஏறுவார். எஞ்சிய வீரர் பொருட்டு அது ஒன்று மட்டும் வேண்டா. இளவெயினன் தப்பி ஓடான், நடக்கவே இயலவில்லை.

முத்திரை மெழுகும் தின்னப்பட்டமையால், சேற்றில் பெருவிரல் பதித்து விடுத்தது.

பதவி பறிபோகுமுன் ஓடத்துறைக் காவலனுக்குக் கோட்டைக் காவலன் இடும் கடைசி ஆணை: அரிசி முந்துக, வாள் பிந்துக.