தகரம் இல்லாத பக்கம்

செவ்வாய், இரவு

சின்னு, இன்று நம் சமையலறையில் மூங்கில் முளைத்திருக்கிறது. கேஸ் அடுப்புக்குக் கீழே சிமெண்டைப் பிளந்துகொண்டு ஈட்டி மாதிரி நிற்கிறது. 

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். "என்ன தங்கச்சி, சோறு கேட்டு உள்ளயே வந்துருச்சா?" என்று சிரித்தார். பிறகு பின்பக்கம் போய், சுவா ரோட்டில் போகும் லோரிகளின் தூசி வராமல் இருக்க நீ நட்ட மூங்கிலைச் சுற்றித் தோண்டினார். வேர் பரவாமல் சுற்றிலும் தகரம் புதைத்திருப்பதாக நீ சொன்னாயே, அது மூன்று பக்கம்தான் இருக்கிறது. வீட்டுப் பக்கம் இல்லை.

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வேரு எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியலை லா. சாமி ரூம்பு சுவரும் வெடிச்சிருக்கு. இங்க படுக்காத தங்கச்சி."

எங்கே போய்ப் படுப்பேன்? ஹாலில் விளக்கை அணைக்காமல் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தரையை மிதிக்கவே பயமாக இருக்கிறது.

வீடு விழுந்தால்கூட விழட்டும். அதைவிட வேறொரு பயம் இருக்கிறது. மூங்கில் நட்ட அன்று நீ உள்ளே வந்து, "முடிஞ்சிருச்சும்மா, தண்ணி குடு," என்றாய். சட்டையெல்லாம் வேர்வை. வெயில்தான் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்; உயிரோடு வீடு திரும்பவில்லை.

எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பிள்ளையா நீ? அந்தக் கடைசிப் பக்கம் தோண்டும்போதே உனக்கு வலித்ததா, சின்னு?